தவளையின் மௌனம்

சென்ற ஐப்பசியில் நல்ல மழை பெய்த ஓர் இரவு. எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. வீடு கட்டிய காலத்தில் மண்ணெடுத்த பள்ளம் அது. மழை பெய்தால் குட்டையாகிவிடும். அன்றிரவு அந்தக் குட்டையில் தவளைகள் கூடிக் கச்சேரி ஆரம்பித்தன. சாதாரணக் கச்சேரியா அது? பக்கவாத்தியக்காரர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு தனி ஆவர்த்தனம் வாசித்தால் எப்படியிருக்குமோ, அப்படியிருந்தது. நள்ளிரவு வரையில் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, "விடிந்ததும் முதற்காரியமாக இரண்டு வண்டி மண்ணைக் கொட்டி இந்தப் பள்ளத்தைத் தூர்த்துவிடுகிறேன்" என்று சபதம் செய்துகொண்டு, தலையணையைக் காதின்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

காலையில் வண்டிக்காரர் வந்தார். வாடகை பேசிக்கொண்டிருந்தபோது என் பெண் வந்து பக்கத்தில் நின்றாள். அவளுக்கு வயது ஒன்பது.

"அப்பா, பள்ளத்தை மூடிட்டா தவளையெல்லாம் எங்கே போகும்?"

"எங்கேயாவது போகும், அம்மா. உலகத்தில் தவளைக்கா பஞ்சம்?" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் பதில் என் மனத்தை உறுத்தியது. தவளைக்குப் பஞ்சம் வரவே வராது என்று எனக்கு யார் சொன்னார்கள்? வண்டிக்காரரை மறுநாள் வரும்படி சொல்லி அனுப்பிவிட்டு, இவ்விஷயமாக ஆராய்ச்சியாளர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படிக்க உட்கார்ந்தேன். படித்ததில் என் தூக்கம் மறுபடியும் கெட்டது. இம்முறை தவளைகளின் சத்தத்தினால் அல்ல, அவற்றின் மௌனத்தினால்.

மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகா என்று ஒரு சின்னஞ்சிறு தேசம். அங்கே மோன்டெவெர்டே என்ற மலைப் பிரதேசம் எப்போதும் மேகம் தவழும் காடு. அந்தக் காட்டில் ஒருவகைத் தேரை இருந்தது. தேரை என்றதும் நம் வீட்டு முற்றத்தில் விளக்கடியில் உட்கார்ந்திருக்கும் சொறிபிடித்த ஆசாமியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஜாதியில் ஆண் தேரைகள் கிச்சிலிப்பழ நிறத்தில் தகதகவென்று ஜ்வலிக்கும். ஆகையால் பொன் தேரை என்றே அதற்குப் பெயர். வருஷத்தில் சில நாள் மாத்திரம் மரவேர்களுக்கிடையே தேங்கும் சிறு குட்டைகளில் அவை கூடும். 1987-ஆம் வருஷத்தில் அவ்வாறு கூடியவை 1,500-க்கு மேல். மறுவருஷம் எண்ணினால் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் தேறவில்லை. 1989-ல் ஒரே ஓர் ஆண் தேரை வந்து, துணைக்காகக் காத்திருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தேரையை எவரும் கண்டதில்லை.

அதே 1989-ல் இங்கிலாந்தில் கான்டர்பரி நகரில், ஊர்வன, நீர்நில வாழ்வன ஆகிய பிராணிகளை ஆராயும் விஞ்ஞானிகளின் முதல் உலக மகாநாடு நடந்தது. அங்கே ஒருவர் தம் காட்டில் தவளைகள் குறைந்துவிட்டன என்றார். இன்னொரு கண்டத்திலிருந்து வந்தவர் தம் நாட்டிலும் அப்படியே என்றார். ஒவ்வொருவரும் தம்முடைய இடத்தில் மாத்திரம் ஏதோ கோளாறு என்று எண்ணியிருந்தார்கள். எல்லாருடைய கதையும் ஒரே கதை என்று அப்போதுதான் விளங்கியது. அதிலும் விசித்திரம் என்னவென்றால், காடு வெட்டப்பட்ட இடத்தில் தவளை அழிந்தால் காரணம் தெரியும்; கோடரியே படாத பாதுகாக்கப்பட்ட மலைக்காடுகளிலும் அவை மறைந்துகொண்டிருந்தன!

கொலையாளி அகப்படுவதற்குப் பத்து வருஷம் ஆயிற்று. ஆஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் செத்துக் கிடந்த தவளைகளின் தோலைச் சோதித்தவர்கள் 1998-ல் துப்புக் கண்டுபிடித்தார்கள். மறுவருஷம் அதற்கு நாமகரணமும் ஆயிற்று. அது ஒருவகைப் பூசணம். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் படர்கிறதே, அந்தப் பூசணத்துக்குத் தூரத்து உறவு. ஆனால் இது நீரில் வாழ்வது; கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துக்கள் வாலை ஆட்டிக்கொண்டு தண்ணீரில் நீந்திச் சென்று தவளையின் தோலில் புகுந்துகொள்ளும்.

தோலில் சிறிது பூசணம் பிடித்தால் உயிர் போய்விடுமா என்று வாசகர்கள் கேட்கலாம். நமக்குத் தோல் ஒரு போர்வை. தவளைக்கோ அது பாதி நுரையீரல். தண்ணீர் குடிக்கும் வாயும் அதுவே. உடலுக்குள் இருக்கும் உப்புச் சத்துக்களை ஒரு நிதானத்தில் வைத்துக் காப்பதும் அதுதான். பூசணம் தோலைக் கெடுத்ததும் இரத்தத்தில் உப்பின் அளவு இறங்குகிறது. இறுதியில் இருதயம் நின்றுவிடுகிறது.

2019-ல் வெளியான கணக்கின்படி இந்த வியாதியால் 501 வகைப் பிராணிகள் குறைந்து போயிருக்கின்றன. அவற்றுள் 90 வகைகள் அடியோடு அழிந்திருக்க வேண்டுமென்று கருதப்படுகிறது. ஒரே ஒரு வியாதி இத்தனை வகை உயிர்களை வாரிக்கொண்டு போனதாக இதற்கு முன் எழுதப்பட்டதில்லை. இது தவிரக் காடழிவு, பூச்சிமருந்து, பருவநிலை மாறுதல் எல்லாம் சேர்ந்து, 2023-ல் ஆராயப்பட்ட 8,011 வகை நீர்நில வாழ்வனவற்றில் நூற்றுக்கு 41 ஆபத்தில் இருப்பதாகத் தெரியவந்திருக்கிறது. "தவளைக்கா பஞ்சம்?" என்று நான் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை.

இந்தப் பூசணம் உலகம் முழுவதும் எப்படிப் பரவிற்று? 2018-ல் வந்த ஆராய்ச்சி, அதன் பூர்விகம் கொரியா தேசத்துப் பக்கம் என்றும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வெளியே கிளம்பியிருக்க வேண்டுமென்றும் சொல்லுகிறது. தவளைக்கு ரெயிலும் கப்பலும் யார் பிடித்துக் கொடுத்தார்கள்? நாம்தான்! கறிக்காகவும், கண்ணாடித் தொட்டியில் வைத்து அழகு பார்ப்பதற்காகவும், ஆஸ்பத்திரிச் சோதனைகளுக்காகவும் மனிதன் தவளைகளைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனான். 1930-களிலிருந்து பல வருஷ காலம் ஒரு பெண் கர்ப்பமாயிருக்கிறாளா என்று அறிவதற்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவகைத் தவளையே உதவியது. அந்தப் பெண்ணின் சிறுநீரை ஊசி வழியாகத் தவளைக்குச் செலுத்தினால், கர்ப்பமாயிருக்கும் பட்சத்தில் அது ஒரு நாளைக்குள் முட்டையிடும். எத்தனையோ குடும்பங்களுக்கு நற்செய்தி சொன்ன ஜாதி அது. அந்த ஜாதித் தவளைகள் இப்பூசணத்தைச் சுமந்தும் சாகாமல் இருக்கக்கூடியவை என்பது பின்னால்தான் தெரிந்தது.

"போகட்டுமே! தவளை போனால் நமக்கென்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பனாமா தேசம் பதில் சொல்லுகிறது.

அங்கே எல் கோப்பே என்ற மலைக்காட்டுக்கு அந்த வியாதி வந்துகொண்டிருக்கிறது என்று கணித்து, ஆராய்ச்சியாளர்கள் முன்னதாகவே போய்க் காத்திருந்தார்கள். 2004-ல் வியாதி வந்தது. அதனால் முன்பு காடு எப்படியிருந்தது, பின்பு எப்படியாயிற்று என்று ஒப்பிட முடிந்தது. தலைப்பிரட்டைகள் மறைந்ததும் ஓடைக் கற்களின் மேல் பாசி தடித்து வளர்ந்தது. அதை மேய்ந்து கல்லைத் துலக்கி வைத்தவை அவையே அல்லவா? தவளையையும் அதன் முட்டையையும் தின்று வாழ்ந்த பாம்புகளும் குறைந்தன. எஞ்சிய பாம்புகளில் பல மெலிந்து போயிருந்தன.

பிறகு மனிதனுடைய முறை வந்தது. இந்த வியாதி 1980-களில் கோஸ்டாரிகாவில் தொடங்கி, ஊர் ஊராக நகர்ந்து, 2010-க்குள் பனாமாவின் கீழ்க்கோடி வரை சென்றது. தவளைகள் மடிந்த தேதியையும் அந்தந்த ஜில்லாக்களின் மலேரியாக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் 2022-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். தவளைகள் மறைந்த பின் சில வருஷங்களுக்கு மலேரியா ஏறிற்று. உச்ச நிலையில் வருஷத்துக்கு ஆயிரம் ஜனங்களில் சுமார் ஒருவர் அதிகப்படியாகக் காய்ச்சலில் விழுந்தார். ஆயிரத்தில் ஒருவர்தானே என்று எண்ணக்கூடாது. அந்த ஒருவர் நம் வீட்டுக் குழந்தையானால்?

இவ்வளவு துக்க சமாசாரத்துக்கு நடுவே மனிதனைப் பற்றிப் பெருமைப்படத்தக்க காரியங்களும் நடந்திருக்கின்றன. பனாமாவில் பொன்னிறத் தவளை அதிர்ஷ்டத்தின் சின்னம். வியாதி நெருங்கி வருவதை அறிந்ததும் 2006-ல் எல் வாயே என்ற ஊரில் சில அன்பர்கள் தவளைகளைக் காட்டிலிருந்து எடுத்து வந்தார்கள். அவற்றுக்கான கட்டிடம் முடியவில்லை, என்ன செய்வது? அவ்வூர் ஹோட்டலில் அறைகளை அமர்த்தித் தவளைகளைக் குடியேற்றினார்கள்! தினமும் தொட்டியைக் கழுவி, வேளை தவறாமல் பூச்சி பிடித்துப் போட்டு, விருந்தாளிகளைவிட மேலாக உபசரித்தார்கள். 2009-க்குப் பிறகு பனாமாக் காட்டில் அந்தப் பொன் தவளையைக் காணோம். இப்படிக் காப்பாற்றப்பட்டவற்றின் சந்ததிகள்தாம் இன்று உலகில் மிச்சம்.

மற்றொன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. அந்தப் பூசணத்துக்குக் குளிர்ச்சி பிடிக்கும், சூடு ஆகாது. இதை வைத்து ஸிட்னி நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். துளையுள்ள செங்கற்களுக்குக் கறுப்புச் சாயம் பூசி, வெயில் படும் சிறு கூடாரத்துக்குள் அடுக்கி வைத்தார்கள். அவ்வூர்ப் பச்சைத் தவளைகள் தாமாகவே துளைகளில் புகுந்து உட்கார்ந்தன. உடம்பு சூடேறியதும் பூசணம் இறந்தது, தவளை பிழைத்தது. அது மாத்திரமல்ல, ஒரு தரம் இவ்வாறு குணமான தவளையை அந்த நோய் மறுபடி எளிதில் வீழ்த்தவில்லை. 2024-ல் இது பிரசுரமாயிற்று. வேது பிடித்து ஜலதோஷத்தை ஓட்டும் நம் பாட்டிமார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எல்லாத் தவளைக்கும் இந்த வைத்தியம் பலிக்காது. குளிர் மலைகளில் வெயிலுக்கு எங்கே போவது? ஆயினும் செங்கல்லை வைத்து ஒரு ஜீவனைக் காப்பாற்றலாம் என்பது லேசான விஷயமா?

நம் தேசத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலை தவளைகளின் பொக்கிஷம். இப்பூசணம் அங்கேயும் காணப்பட்டிருக்கிறது. ஆனால் பனாமாவைப் போல் கூட்டங்கூட்டமாகத் தவளைகள் மடிந்ததாகச் செய்தி இல்லை. ஆசியாவே அதன் பிறப்பிடமாகையால் நம் தவளைகள் தலைமுறை தலைமுறையாக அதனோடு பழகியிருக்கலாம் என்பது ஓர் அபிப்பிராயம். அதனால் நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பூசணம் செய்யாததைக் கோடரியும் தீயும் பூச்சிமருந்தும் செய்துவிடும்.

பெங்களூர் ஸென்ட்ரல் காலேஜில் ஸி. ஆர். நாராயண ராவ் என்ற பேராசிரியர் இருந்தார். சாதனங்கள் குறைந்த அந்நாளில் மலைகளில் சேகரித்த தவளைகளை ஆராய்ந்து, 1937-ல் பல புதிய வகைகளை உலகுக்கு அறிவித்தார். அவர் சேர்த்து வைத்த மாதிரிகள் பிற்காலத்தில் காணாமற் போய்விட்டன. ஒருவர் உழைத்துத் தேடிய செல்வத்தைப் பின்வந்தவர்கள் காப்பாற்றாமல் விட்டோம்! ஓடைப் பாறையை வாயால் கவ்விக்கொண்டு வெள்ளத்தில் வாழும் ஒரு தலைப்பிரட்டையை 1918-லேயே ஆனண்டேலும் அவரும் வர்ணித்திருந்தார்கள். அதன் தாய் தகப்பன் யார் என்பது 2003-ல் கேரளத்து இடுக்கியில் ஊதாத் தவளை கண்டுபிடிக்கப்பட்ட பிறகே தெளிவாயிற்று. அந்தத் தவளை வருஷம் முழுவதும் பூமிக்குள் வாழ்ந்து, மழை பிறந்ததும் சில நாள் மட்டும் வெளியே வந்து போவது. அதன் நெருங்கிய உறவினர்கள் இந்து மகா சமுத்திரத்தின் நடுவே ஸெய்ஷல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். நம் நிலமும் அத்தீவுகளும் ஒன்றாய் ஒட்டியிருந்த காலத்துச் சொந்தம் அது.

திருநெல்வேலிச் சீமையில் களக்காடு–முண்டந்துறைக் காட்டில் இன்னொரு சிறு பச்சைத் தவளை உண்டு. 136 வருஷம் எவர் கண்ணிலும் படாமல் இருந்து, 2011-ல் மீண்டும் கண்டதாக அறிவிக்கப்பட்டது. அது மூங்கிலில் உள்ள சிறு துவாரத்தின் வழியே உள்ளே புகுந்து, கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட அறையில் முட்டையிடும். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை. அதுவரையில் காவலிருப்பது தாயல்ல, தகப்பன்! அந்த மூங்கிலை வகைதொகையின்றி வெட்டினால் குடும்பமே வீதிக்கு வந்துவிடும்.

ஒரு காலத்தில் நாம் தவளைக் காலைக் கப்பலேற்றி அந்நிய நாட்டு உணவு மேஜைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். வயலில் பூச்சிகளைத் தின்னும் வேலைக்காரனைக் கொன்று விற்றுவிட்டுப் பூச்சிமருந்து வாங்கும் இந்த வியாபாரத்தை 1987-ல் இந்திய சர்க்கார் நிறுத்தினார்கள். அது நல்ல காரியம். மிச்சக் காரியம் நம் கையில் இருக்கிறது. தொட்டியில் வளர்த்த அந்நிய மீனையோ தவளையையோ அலுத்துப் போனதும் குளத்தில் கொண்டுபோய் விடாமல் இருக்கலாம். தோட்டத்தில் மருந்து தெளிக்குமுன் ஒரு முறை யோசிக்கலாம். ஊர்க்குளத்தைக் குப்பை கொட்டும் இடமாக்காமல் இருக்கலாம்.

இதையெல்லாம் வீட்டில் எடுத்துச் சொன்னபோது, என் மனைவி கேட்டாள்: "எல்லாம் சரி, குட்டையில் கொசு வந்தால்?" நியாயமான கேள்விதான். தட்டானின் குஞ்சும் தலைப்பிரட்டையும் சிறு மீனும் வாழ்கிற குட்டையில் கொசுப் புழுவுக்குப் பகைவர்கள் அதிகம். கொல்லையில் கிடக்கும் கொட்டாங்கச்சியிலும் உடைந்த பானையிலும் நிற்கும் தண்ணீரிலோ அதைத் தின்பார் இல்லை. டெங்குக் கொசு விரும்புவதும் அந்த மாதிரி இடத்தைத்தான். ஆகவே அன்று மாலை நானும் என் பெண்ணுமாக ஒரு கூடை கொட்டாங்கச்சியும் ஓட்டை டப்பாவும் பொறுக்கி அப்புறப்படுத்தினோம்.

மறுநாள் சொன்ன சொல் தவறாமல் வண்டிக்காரர் மண்ணோடு வந்து நின்றார். மண்ணை வாசலில் மேடு பண்ணச் சொல்லி, பேசிய வாடகையைக் கொடுத்து அனுப்பினேன். அன்றிரவும் மழை பெய்தது, கச்சேரியும் நடந்தது. நடு இரவில் சற்று ஓய்ந்ததும், பக்கத்துப் பாயிலிருந்து, "அப்பா, நின்னுபோச்சே!" என்று கவலையோடு ஒரு குரல் கேட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். சிறிது நேரத்தில் ஒரு தவளை ஆரம்பித்தது; பின்னோடு இன்னொன்று. அதன் பிறகுதான் நாங்கள் தூங்கினோம்.