தெருநாய்க்கு எதுக்குங்க இன்சுலின்?

"நாய்க்கெல்லாம் கூட சுகர் வருமா?" என்று கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. தெரியாததைக் கேக்கறாங்க, பதில் சொல்லிட்டுப் போயிடலாம். அடுத்ததா ஒண்ணு வரும் பாருங்க: "அதுக்குப் போய் தினம் ரெண்டு ஊசியா? அதுவும் தெருநாய்க்கு?" இதுக்குத்தான் கொஞ்சம் நீளமா பதில் சொல்ல வேண்டியிருக்கு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது. அதனால மொத்தமா எழுதி வெச்சுடறேன்.

முதல்ல கதாநாயகன் அறிமுகம். பேரு மணி. வயசு 9. எடை 12 கிலோ, வியாதி வர்றதுக்கு முன்னாடி 15. ஜாதி, சுத்தமான நாட்டுநாய். குட்டியா இருந்தப்போ மழைக்கு எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கினவன், மழை விட்டும் கிளம்பலை. போன வருஷம் திடீர்னு ஒரு நாளைக்கு நாலு கிண்ணம் தண்ணி குடிக்க ஆரம்பிச்சான். ராத்திரியில அடக்க முடியாம ஹால்லயே ஒண்ணுக்குப் போனான். சோறு ரெண்டு மடங்கு சாப்பிட்டும் விலா எலும்பு தெரிஞ்சுது. அம்மாதான் முதல்ல சொன்னாங்க, "இவன் போன இடத்துல எறும்பு மொய்க்குதுடா". ரத்தப் பரிசோதனை எல்லாம் அப்புறம்தான் வந்துச்சு. நாய்க்கு சாதாரணமா சர்க்கரை 80லேர்ந்து 120க்குள்ள இருக்கும். இவனுக்கு 400ஐத் தாண்டியிருந்தது.

மாத்திரை கிடையாதான்னு நானும் டாக்டர்கிட்ட கேட்டேன். கிடையாது. மனுஷங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வர்றது ரெண்டாவது வகை சர்க்கரை. உடம்புல இன்சுலின் இருக்கும், ஆனா சரியா வேலை செய்யாது. அதுக்கு மாத்திரை உண்டு. நாய்களுக்கு வர்றது பெரும்பாலும் கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்களே அழிஞ்சு போறதால. இல்லாத ஒண்ணை மாத்திரை கொடுத்து எப்படித் தூண்டறது? பூனைகளுக்காவது ஊசி ஆரம்பிச்சு சில மாசத்துல வியாதி அடங்கி, ஊசியே வேண்டாம்னு ஆகிற வாய்ப்பு இருக்கு. நாய்க்கு அது ரொம்ப அபூர்வம். ஆயுசுக்கும், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, சாப்பாட்டோட சேர்த்து ஊசி. இதுதான் டீல்.

இப்போ ஆட்சேபணைகளுக்கு வருவோம்.

ஆட்சேபணை ஒண்ணு: "மனுஷனுக்கே மருந்து கிடைக்காம சாகறான், நீ நாய்க்குப் போடற." கேட்டவுடனே குற்ற உணர்ச்சி வர்ற மாதிரி இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க. மணிக்கு வேளைக்கு 5 யூனிட். 40 யூனிட் அளவுல வர்ற 10 மில்லி பாட்டில்ல மொத்தம் 400 யூனிட் இருக்கு. திறந்து ரொம்ப நாள் வெச்சுக்கக் கூடாதுன்னு மாசத்துக்கு ஒண்ணுன்னு மாத்தறோம். எங்களுக்கு எழுதிக் கொடுத்தது மனுஷங்களுக்கான சாதாரண இன்சுலின்தான். அந்த பாட்டில் விலை, நம்ம ஆளுங்க சனிக்கிழமை ஆர்டர் பண்ற ஒரு பீட்ஸாவை விடக் குறைவு. பீட்ஸா சாப்பிடறவனைப் பார்த்து "ஏழை சாகறான்"னு யாரும் கேட்கறதில்லை. 2021ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' மாதிரி, சுகர் மாத்திரையை வீடு தேடிக் கொண்டு போய்க் கொடுக்கிற திட்டங்கள் இன்னும் வளரணும், நல்லா நடக்கணும். அதுல மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா மணிக்கு ஊசியை நிறுத்தினா எந்த ஏழைக்கும் அந்த அஞ்சு யூனிட் போய்ச் சேரப் போறதில்லை.

ஆட்சேபணை ரெண்டு: "லேப்ரடார், பொமரேனியன்னா சரி. தெருநாய்க்கா?" இதுக்கு நான் பதில் சொல்றதா இல்லை. முப்பதாயிரம் கொடுத்து வாங்கினதுக்கு மட்டும்தான் வைத்தியம்னா, அதுக்குப் பேர் பாசம் இல்லைங்க, போட்ட முதலைக் காப்பாத்தறது.

சொல்லப்போனா இன்சுலின் விஷயத்துல நாய் இனத்துக்கு நாம கடன்பட்டிருக்கோம். 1889ல ஸ்ட்ராஸ்பர்க்ல மின்கோவ்ஸ்கி, வான் மெரிங்னு ரெண்டு பேர் ஒரு நாயோட கணையத்தை எடுத்துட்டுப் பார்த்தாங்க. அதுக்கு சர்க்கரை வியாதி வந்துடுச்சு. கணையத்துக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு இருக்குன்னு தெரிஞ்சது அப்படித்தான். 1921ல டொராண்டோவுல பேண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரிச்சு எடுத்து சோதிச்சது நாய்கள் மேலதான். கணையம் எடுத்த மார்ஜரிங்கிற நாய், அந்தச் சாறை ஊசியில ஏத்திக்கிட்டு சுமார் 70 நாள் உயிரோட இருந்தது. அப்புறம்தான் 1922 ஜனவரியில லியோனார்ட் தாம்ப்சன்கிற 14 வயசுப் பையனுக்குப் போட்டாங்க. முதல் ஊசி சரிப்படலை. காலிப் சுத்தப்படுத்திக் கொடுத்த சாறுதான் அந்தப் பையனைக் காப்பாத்திச்சு. 1923ல பேண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு. மார்ஜரிக்கு ஒண்ணும் இல்லை. பேர் தெரியாத மத்த நாய்களைக் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு ஆச்சரியம். மனுஷனோட இன்சுலின்ல 51 அமினோ அமிலம் இருக்கு. நாயோட இன்சுலினுக்கும் அதுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு அமினோ அமிலம்தான். நாயோடதும் பன்றியோடதும் அச்சு அசல் ஒண்ணு. அதனாலதான் நாய்க்குன்னே தயாரிக்கிற கேனின்சுலினைப் பன்றி இன்சுலின்லேர்ந்து செய்யறாங்க.

ஆட்சேபணை மூணு: "வாயில்லா ஜீவனைத் தினமும் குத்திச் சித்திரவதை பண்ணாதே. பேசாம போக விட்டுடு." மூணுலயும் இதைத்தான் நான் மதிக்கிறேன். உண்மையான இரக்கத்துலேர்ந்து வர்ற கேள்வி. ஆனா கேக்கறவங்க மனசுல இருக்கிற ஊசி, சின்ன வயசுல நாம அலறின அந்த ஊசி. இன்சுலின் ஊசி முடி கனம்தான். நாயோட தோலைத் தோள்பட்டைக்குப் பக்கத்துலயோ விலாப்பக்கமோ கூடாரம் மாதிரி மெல்லத் தூக்கினா, கீழே ஒரு பள்ளம் வரும். அதுல சாய்வா ஏத்தணும், மருந்தைத் தள்ளணும், எடுக்கணும். அஞ்சு செகண்ட் கூட ஆகாது. தினம் ஒரே இடத்துல குத்தாம இடம் மாத்திக்கிட்டே இருக்கணும். மணி சோத்துத் தட்டுல தலையைக் கவுத்துக்கிட்டு இருக்கும்போதே வேலை முடிஞ்சுடும். அவன் திரும்பிப் பார்க்கிறதே "இன்னும் கொஞ்சம் சோறு இருக்கா?"ன்னு கேட்கத்தான். ஊசி போடாம விட்டாத்தான் சித்திரவதை. தாகம், எடை குறையறது, கடைசியில ரத்தம் அமிலமாகி வாந்தி எடுத்துச் சாகறது. "பேசாம போக விடறது"ங்கிறதுல பேசாம போறது எதுவும் இல்லை.

ஊசி சுலபம்னு சொன்னேன். கணக்கு சுலபம் இல்லை. பொட்டி தட்டறவன்கிற முறையில எனக்குத் தூக்கம் கெட்டது இதுலதான்.

நம்ம ஊர்ல இன்சுலின் ரெண்டு அடர்த்தியில கிடைக்குது. ஒரு மில்லியில 40 யூனிட், ஒரு மில்லியில 100 யூனிட். ரெண்டுக்கும் சிரிஞ்சு வேற வேற. 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. எங்க பக்கத்து மருந்துக்கடையில ஒரு நாள், 40 பாட்டில் வாங்கப் போன எனக்கு 100 சிரிஞ்சைக் கட்டிக் கொடுத்தார் ஒருத்தர். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, கோடு பார்த்துப் போடுங்க." ஒண்ணு இல்லைங்க! அந்த சிரிஞ்சுல அஞ்சாவது கோடு வரைக்கும் இழுத்தா உள்ளே போறது 2 யூனிட்தான். சர்க்கரை இறங்கவே இறங்காது. தலைகீழா, 100 பாட்டில்லேர்ந்து 40 சிரிஞ்சுல அஞ்சு கோடு இழுத்தா பன்னிரண்டரை யூனிட். மணி மாதிரி ஒரு ஜீவனுக்கு அது உயிரே போற அளவு. 1999ல மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்னு நாசா அனுப்பின விண்கலம் நாசமா போனது ஒரு பக்கம் பவுண்டு கணக்கு, இன்னொரு பக்கம் நியூட்டன் கணக்குன்னு கலந்து போனதாலதான். காலேஜ்ல அதைப் படிச்சுட்டுச் சிரிச்சோம். கையில சிரிஞ்சோட நிக்கும்போது சிரிப்பு வராது. மூடியோட நிறத்தைப் பார்த்துட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்து மாத்திட்டுத்தான் வந்தேன்.

இன்னொரு பாடமும் நம்ம தொழில்லேர்ந்தே. சாஃப்ட்வேர்ல ஒரு வேலை நடந்துச்சா இல்லையான்னு தெரியலைன்னா 'ரீட்ரை' பண்ணுவோம். இன்சுலின்ல ரீட்ரை கிடையாது. நாய் துள்ளிடுச்சு, மருந்து பாதி முடியில வழிஞ்ச மாதிரி இருக்கு, உள்ளே எவ்வளவு போச்சுன்னு தெரியலை. அப்போ மறுபடி போடக் கூடாது. அடுத்த வேளைக்குப் பார்த்துக்கணும். ஒரு வேளை குறைஞ்சா சர்க்கரை ஏறும், அவ்வளவுதான். ரெட்டிப்பா போனா தாழ்சர்க்கரை வந்து, தள்ளாடி, நடுங்கி, வலிப்பு வரைக்கும் போயிடும். அந்த மாதிரி தெரிஞ்சா ஈறுல தேனோ குளுக்கோஸோ தடவிட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடணும். சாப்பிடலைன்னா வழக்கமான அளவைப் போடாம முதல்ல டாக்டருக்குப் போன். எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல ஒரு தினசரி காலண்டர் தாள் தொங்குது. போட்டவங்க நேரம் எழுதிக் கையெழுத்து போடணும். அம்மா அதுக்கு 'அட்டெண்டன்ஸ்'னு பேர் வெச்சிருக்காங்க.

சரி, இவ்வளவு சொன்னேனே, எல்லாரும் கண்டிப்பா போட்டே ஆகணுமா? இங்கேதான் என் கருத்து கொஞ்சம் கசக்கும்.

இதுல பெரிய செலவு பணம் இல்லை, நேரம். காலையில ஏழரை, ராத்திரி ஏழரை. தீபாவளி, பொங்கல், கிளையண்ட் கால் எதுவும் செல்லாது. திருநெல்வேலியில சித்தப்பா பொண்ணு கல்யாணத்துக்கு நாங்க மூணு பேரும் சேர்ந்து போக முடியலை. ஒருத்தர் வீட்டுல இருந்தோம். இத்தனைக்கும் மணியோட இடது கண்ணுல வெள்ளை படர ஆரம்பிச்சாச்சு. சர்க்கரை வந்த நாய்கள்ல பெரும்பாலானதுக்குக் கண்புரை வரும். ஊசி அதைத் தடுக்கும்னு உறுதி கிடையாது.

அதனால, போடலாமா வேண்டாமாங்கிறதை ஊசி பிடிக்கப் போற கைதான் முடிவு பண்ணணும்னு நினைக்கிறேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல பையன் டெக்ஸாஸ்ல, பொண்ணு சிங்கப்பூர்ல. நாய்க்கு சர்க்கரைன்னு தெரிஞ்சதும் ரெண்டு பேரும் வீடியோ கால்ல அழுது, "எப்படியாவது காப்பாத்துங்கப்பா"ன்னாங்க. இங்கே இருக்கறவங்க 70 தாண்டின தம்பதி. அந்த அய்யாவுக்குக் கை நடுக்கம், அந்தம்மாவுக்கு சிரிஞ்சுல கோடே தெரியாது. ஊசி போட ஆள் ஏற்பாடு பண்ணிக் கொடுத்துட்டு அழுங்கப்பா! பாசம் மட்டும் அனுப்பறதுக்குக் கூரியர் செலவு கிடையாது. நிஜமாவே முடியாத நிலைமையில இருக்கிற ஒருத்தர் டாக்டரோட கலந்து பேசி, வலியில்லாம முடிச்சு வைக்கிறதா முடிவெடுத்தா, நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பயத்துல முதல் நாளே அந்த முடிவை எடுக்காதீங்கன்னு மட்டும்தான் சொல்வேன். ஒரு மாசம் போட்டுப் பாருங்க. முதல் வாரம் கை நடுங்கும். நாலாவது வாரம் பல் தேய்க்கிற மாதிரி ஆயிடும்.

கடைசியா ஒண்ணு. எங்க அப்பாவுக்கு 15 வருஷமா சுகர். ரெண்டு வருஷமா டாக்டர் இன்சுலின் ஆரம்பிக்கச் சொல்றார். "ஊசிக்குப் போயிட்டா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம்டா"ங்கிறது அப்பா கட்சி. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு இதே கட்சிதான். இன்சுலினை மருந்தாப் பார்க்காம, தண்டனையா, கடைசி ஸ்டேஷனாப் பார்க்கிறோம். நான் கால்ல மாட்டிக்கிட்ட ராத்திரிகள்ல மணிக்கு ஊசி போடறது அப்பாதான். போன மாசம் போட்டு முடிச்சுட்டு, ஊசி முனையை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டே கேட்டார், "எனக்குப் போடறதும் இதே சைஸ்தானா?" ஆமான்னேன். வேற ஒண்ணும் சொல்லலை. அடுத்த செக்கப்புக்கு என்னையும் கூட வரச் சொல்லியிருக்கார். போய்ப் பார்க்கணும்.

மணிக்கு சர்க்கரைன்னா என்னன்னு தெரியாது. 'ஊசிக்குப் போயிட்டோமே'ங்கிற அவமானமும் கிடையாது. போட்டா உடம்பு தேவலை, அவ்வளவுதான் அவன் கணக்கு. எடை இப்போ 13 கிலோ ஆயிடுச்சு. ராத்திரி ஹால் காய்ஞ்சு கிடக்கு. தெருநாய்க்கு எதுக்கு இன்சுலின்னு கேட்டீங்கன்னா, இதுக்குத்தான்.

பி.கு: மேலே இருக்கிற 5 யூனிட் மணிக்கு மட்டும். உங்க நாயோட அளவை உங்க டாக்டர்தான் சொல்லணும். பாட்டிலைக் குலுக்கணுமா, உள்ளங்கையில மெல்ல உருட்டணுமான்னு கூட மருந்துக்கு மருந்து மாறும். உங்க வீட்டு நாய் திடீர்னு தண்ணியாக் குடிச்சு இளைச்சுக்கிட்டே போனா, 'வெயில் காலம்தானே'ன்னு விடாம ஒரு தடவை சர்க்கரை பார்த்துடுங்க. முக்கியமா, மணியைப் பார்க்க வர்ற மாமாக்களே, மைசூர்பாக்கை உங்க பையிலயே வெச்சுக்குங்க :-)