களைக்கொல்லி கடைசி வழியாக இருக்கட்டும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மக்காச்சோளம், மரவள்ளி, பருத்தி, கரும்பு என எதைப் பயிரிட்டாலும் களைக்கும் பயிருக்குமான போட்டி தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. மக்காச்சோளத்துக்கு முதல் 30 முதல் 45 நாட்கள், மரவள்ளிக்கு முதல் 3 மாதங்கள், கரும்புக்கு ஏறத்தாழ 4 மாதங்கள் நிலம் சுத்தமாக இருக்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் களையெடுக்க வேண்டியிருப்பதால் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. கடையில் களைக்கொல்லி வாங்கும் விவசாயியைக் குறை சொல்ல நியாயமில்லை. அவருக்கு வேறு வழியே இல்லாமல் வைத்திருப்பதுதான் தவறு.

மரவள்ளியையே எடுத்துக்கொள்ளலாம். கரணைகளை மூன்றடி இடைவெளியில் நட்டால், இலை விரிந்து நிழல் கட்டும்வரை நடுவிலுள்ள நிலமெல்லாம் வெறுமையாகக் கிடக்கும். சாரணையும் பண்ணைக்கீரையும் கோரையும் அந்த இடத்தைத்தான் பிடிக்கின்றன. நட்ட 20 நாளில் முதல் களை எடுத்து, பிறகு மாதம் ஒருமுறை கொத்திவிடுவது முறை. அதே இடைவெளியில் உளுந்தோ தட்டைப்பயறோ விதைத்தால் களைக்கு வெயிலும் இடமும் குறையும். மண்ணுக்குத் தழைச்சத்தும் வீட்டுக்குப் பயறும் கிடைக்கும். மக்காச்சோளத்திலும் இது பலன் தரும். ஆனால் களை முளைக்கும் முன் அட்ரசின் என்ற களைக்கொல்லியைத் தெளித்த நிலத்தில் பயறு வகைகளை ஊடுபயிராக்க முடியாது. ஒரு மருந்து, மலிவான மாற்று வழி ஒன்றையே அடைத்துவிடுகிறது. அட்ரசின் நிலத்தடி நீரில் இறங்கும் தன்மை கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் அதை எப்போதோ கைவிட்டுவிட்டது.

கல்வராயன் மலையில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். கோமுகி ஆறும் மணிமுக்தா ஆறும் அங்கிருந்துதான் இறங்கி வருகின்றன. சரிவு நிலத்தில் களைக்கொல்லி அடித்துப் புல்பூண்டு முழுவதையும் கருக்கினால், அடுத்த கனமழையில் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். மாந்தோப்புகளில் மரத்தடியை மட்டும் கொத்திச் சருகு மூடாக்கு இட்டு, வரிசைகளுக்கு நடுவே கொள்ளு, சணப்பு போன்றவற்றை விதைத்தாலே போதும். சாமையைத் தூவி விதைக்காமல் வரிசையில் விதைத்தால் களைக்கொத்தி நடுவே ஓடும். பார்த்தீனியம் பூக்கும் முன் பிடுங்கப்பட வேண்டும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். கோரைக்குக் கோடை உழவு செய்து, கிழங்குகளை வெயிலில் காயவிட வேண்டும்.

உயிர் பறிக்கும் ஆபத்து தனி. பாராகுவாட் என்ற களைக்கொல்லி உடலுக்குள் போனால் மாற்று மருந்து கிடையாது. கேரளம் அதை 2011-இல் தடை செய்தது. இலங்கை படிப்படியாக விலக்கியது. தற்கொலைகளைத் தடுக்க 2023 தொடக்கத்தில் 6 பூச்சிக்கொல்லிகளுக்குத் தற்காலிகத் தடை விதித்த தமிழக அரசு, பாராகுவாட்டையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். கிளைபோசேட் களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்களே கையாள வேண்டும் என 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. கிராமத்து வரப்பில் அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதை வேளாண்துறை நேரில் பார்த்துச் சொல்லட்டும்.

இதற்காக ஒரே நாளில் எல்லாவற்றையும் தடை செய்யச் சொல்லவில்லை. 2021-இல் இரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதியை இலங்கை திடீரென நிறுத்தியபோது அடிபட்டவர்கள் விவசாயிகள்தான். சில மாதங்களிலேயே அம்முடிவு திரும்பப் பெறப்பட்டது. மாற்று கைக்கு வந்த பிறகே மருந்து குறையும்.

அந்த மாற்றைக் கொண்டுவருவது அரசின் கடமை. களையெடுக்கும் இயந்திரமான பவர் வீடருக்கு மானியம் இருக்கிறது. ஆனால் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்குத் தேவை சொந்த இயந்திரமல்ல, களைப் பருவத்தில் வாடகைக்குக் கிடைக்கும் இயந்திரம். சரிவில் இழுக்கக்கூடிய எடை குறைந்த கருவிகளை வேளாண் பொறியியல் துறை வெள்ளிமலை முதல் சின்னசேலம் வரை ஊராட்சிதோறும் நிறுத்த வேண்டும். களையெடுத்துப் பிழைக்கும் பெண்களுக்கே அவற்றை ஓட்டப் பயிற்சி தந்தால் அவர்கள் கூலியும் பறிபோகாது. ஊடுபயிர் விதையை மானியத்தில், விதைப்புக்கு முன்பே வழங்க வேண்டும். பருவம் தப்பி வரும் விதையால் யாருக்கும் பயனில்லை. மாவட்ட நிர்வாகம் அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலேயே இதற்கான பணியைத் தொடங்க வேண்டும்.