ஜெ.ஜெ. டி.வி.யை எங்கே போய்ப் பார்ப்பது?

ஜெ.ஜெ. டி.வி. என்று ஒன்று இருந்தது என்றால், "ஜெயா டி.வி.யைத்தானே சொல்றீங்க?" என்று திருப்பிக் கேட்கிறார்கள் கல்லூரிப் பிள்ளைகள். இல்லை. ஜெயா டி.வி. வந்தது 1999 ஆகஸ்டில். நான் சொல்வது, ஜெயலலிதா முதல் முறை முதல்வராக இருந்தபோது தொடங்கி, 1996-ல் ஆட்சி போன பிறகு நின்றுபோன தொலைக்காட்சி.

ராசிபுரத்தில் கேபிள் தொழில் பார்த்தவன் நான். அப்போது எங்கள் ஊர் சேலம் மாவட்டம்; நாமக்கல் தனியாகப் பிரிந்தது 1997-ல்தான். மொட்டை மாடியில் பெரிய டிஷ், கீழே சின்ன அறையில் ரிசீவரும் மாடுலேட்டரும். ஒவ்வொரு சேனலுக்கும் இரண்டும் தனித்தனியாக வேண்டும், அத்தனையும் காசு. பல வீடுகளில் இருந்ததோ எட்டு, பன்னிரண்டு பட்டன் வைத்த பழைய பெட்டி. புது சேனல் கொடுத்தால் பழையது ஒன்றைத் தூக்க வேண்டும்.

1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. வந்தது. அடுத்த ஆண்டு ராஜ் டி.வி.யும் கோல்டன் ஈகிளும். ஜெ.ஜெ.யும் சேர்ந்துகொள்ள, யாருக்கு முதல் பட்டன் என்பதே ஊருக்குள் அரசியலாகிவிட்டது. காலையில் ஒரு கட்சிக்காரர் வந்து, "நம்ம டி.வி. மட்டும் புள்ளி புள்ளியா வருதே, ஏம்பா?" என்பார். சாயங்காலம் எதிர்க்கட்சிக்காரர் வந்து தன் டி.வி.க்கு அதையே சொல்வார். பக்கத்துக் குருசாமிபாளையம் தறிக்காரர்களுக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. படம் யார் போட்டாலும் சரி, கரண்ட் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கோல்டன் ஈகிள், விஜய் மல்லையா கைக்குப் போய் விஜய் டி.வி. ஆனது, பிறகு ஸ்டார் வாங்கி இன்றும் ஓடுகிறது. ஜெ.ஜெ.க்கு அந்த யோகம் இல்லை. செயற்கைக்கோள் வாடகைக்காக ரிம்சாட், சூபிக் பே என்ற வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் பணம் போனது என்று அமலாக்கத் துறை வழக்குப் போட்டது. சேனலைவிட வழக்குக்கு ஆயுசு கெட்டி. 2017-லும் அது நடந்துகொண்டிருந்தது. பெங்களூரு சிறையிலிருந்த ஜெயலலிதாவின் தோழி சசிகலாவை எழும்பூர் நீதிமன்றம் காணொலி வழியாக விசாரித்தது. இன்று ஜெ.ஜெ. டி.வி. என்று தேடினால் கிடைப்பது பெரும்பாலும் இந்த வழக்குச் செய்திகள்தான். அது என்ன ஒளிபரப்பியது என்று சாதாரண ஆள் போய்ப் பார்க்க ஓரிடம் இல்லை.

கட்சி டி.வி.தானே, போனால் போகட்டும் என்பார்கள். கட்சி டி.வி. என்பதால்தான் கேட்கிறேன். 1996 தேர்தலில் ஜெயலலிதாவுக்கு எதிராக ரஜினிகாந்த் சன் டி.வி.யில் பேசியதை இன்னும் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதற்கு ஜெ.ஜெ. டி.வி. என்ன பதில் சொன்னது? 1995 செப்டம்பரில் நாடே பேசிய, ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் கல்யாணத்தை அது எப்படிக் காட்டியது? அந்தக் காலத்து அரசியலை எழுத வருகிறவர் ஒரு காதால் மட்டும் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது.

பத்திரிகைக்கு இந்தக் கதி இல்லை. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி புத்தகமும், பின்னர் செய்த திருத்தப்படி நாளிதழும் கன்னிமாரா நூலகத்துக்குப் போயாக வேண்டும். டி.வி.க்கோ, ஒளிபரப்பியதை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி. தொண்ணூற்றோராம் நாள் அழித்தால் கேட்பார் இல்லை. எங்கள் ஊர்ப் பெயரைத் தன் முதல் எழுத்தாக வைத்திருந்த ஆர்.கே. நாராயணின் 'மால்குடி டேஸ்' தொடரை இன்றும் பார்க்க முடிகிறது என்றால், அது தூர்தர்ஷனில் வந்ததும் ஒரு காரணம். தனியார் சேனல் மூடினால் டேப் யாருடையது, எந்தக் குடோனில் கிடக்கிறது என்று யார் கேட்பது?

பிரிட்டனிலும் பி.எஸ்.பி. என்ற செயற்கைக்கோள் டி.வி. 1990 ஏப்ரலில் சதுர ஆன்டெனாவோடு ஆர்ப்பாட்டமாக வந்து, நவம்பரில் ரூபர்ட் மர்டாக்கின் ஸ்கை டி.வி.யோடு இணைந்து காணாமல் போனது. பி.பி.சி.யே ஒரு காலத்தில் டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்தி, 'டாக்டர் ஹூ' தொடரில் பல பகுதிகளைத் தொலைத்தது. ஆனால் அதே 1990-ல் கொண்டுவந்த ஒளிபரப்புச் சட்டத்தில் தேசியத் தொலைக்காட்சிக் காப்பகத்துக்கு முக்கியச் சேனல்கள் பணம் தர வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். பிரான்சில் 1992 முதல் டி.வி. ஒளிபரப்பையும் ரேடியோ ஒலிபரப்பையும் காப்பகத்தில் சேர்ப்பது சட்டம்.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடுகூட முதலில் வேண்டாம். ஒளிபரப்புச் சட்டம் டெல்லி கையில் என்றாலும், நூலகம் மாநிலத்துடையது. அரசு கேபிள் டி.வி. நிறுவனத்துக்கு எல்லாத் தமிழ்ச் சேனலும் எப்படியும் வருகிறது. ஒவ்வொரு சேனலின் இரவுச் செய்தியையும் தினம் பதிந்து கன்னிமாராவில் சேர்த்தால் போதும். இன்றைய ஹார்டு டிஸ்க் விலைக்கு இது ஒரு செலவே இல்லை. உரிமையாளருக்குச் சங்கடம் என்றால், வீட்டுக்குக் கொடுக்காமல் நூலகத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும் விடலாம்.

1993 முதல் 96 வரை டி.வி.யிலிருந்து பதிவு செய்த வி.எச்.எஸ். கேசட் பரணில் இருந்தால், பூஞ்சை பிடித்திருந்தாலும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பக்கத்துக் கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறையில் விசாரியுங்கள். ஓடுகிற டெக் ஒன்றும் பொறுமையான ஒரு மாணவனும் கிடைத்தால் அதைக் கணினிக்கு மாற்றிவிடலாம்.