உருவும் பொருளும் தொழிலும்: படைவீட்டார் உடன்பாடு

சொல்லாயினும், சடங்காயினும், திருமேனியாயினும், மக்களாற் கையாளப்படும் குறி ஒவ்வொன்றற்கும் மூன்று இயல்புகள் உண்டு. கண்ணுக்குஞ் செவிக்கும் புலனாவது உரு. அவ்வுருவின் வாயிலாக உள்ளத்துக்குப் புலனாவது பொருள். அப்பொருள் வாழ்வின்கண் நிகழ்த்துவது தொழில். இம்மூன்றன் இயைபினைச் செவ்வனே உணராமையால் இக்காலத்து இருதிறத்தார் இருவேறு நெறியிற் பிழைக்கின்றனர். ஒருசாரார், உரு வழுவாது நடந்துவிடின் அதுவே அமையும், பொருளும் பயனும் தாமே வந்தெய்தும் என்பர். மற்றொருசாரார், பொருளை உணர்ந்தார்க்கு உரு வேண்டா, அதனைக் களைந்தெறிதலே அறிவுடைமை என்பர். இவ்விரு கூற்றும் பொருந்தாமை, சவ்வாதுமலை அடிவாரத்துள்ள படவேடு என்னும் ஊரின் பெயரினையும், அப்பெயர் பூண்ட இராச்சியத்தில் எழுந்த கல்வெட்டு ஒன்றனையும் கொண்டு ஈண்டு ஆராயப்படுகின்றது.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நதி பாயும் பள்ளத்தாக்கில், மலைகள் சூழ அமைந்தது படவேடு. ரேணுகாம்பாள் சந்நிதியாற் பெயர்பெற்று, ஆடித்திங்களில் பல்லாயிரவர் வந்து வழிபடும் பதியாக இன்று விளங்குவது. முன்னாளிற் சம்புவராயரின் தலைநகராய்த் திகழ்ந்தது. கல்வெட்டுக்களில் இதன் பெயர் படைவீடு என்று காணப்படும். படை தங்கும் இடம் படைவீடு என்பது வெளிப்படை. பதினான்காம் நூற்றாண்டில் விசயநகரத்துக் குமார கம்பணர் சம்புவராயரை வென்றார். அவ்வெற்றியினை அவர் தேவியார் கங்காதேவியார் மதுரா விசயம் என்னும் வடமொழிக் காவியத்துட் பாடியுள்ளார். அதன்பின் இந்நிலப்பகுதி படைவீட்டு இராச்சியம் என்ற பெயரோடு விசயநகரப் பேரரசின் ஒரு கூறாயிற்று.

இன்று ஆண்டுப் படையும் இல்லை, அரசும் இல்லை. ஐகாரம் குறைந்து, வீடு வேடாகி, படைவீடு படவேடு ஆயிற்று. ஆயினும் என்ன? சந்தவாசலில் நின்று படவேட்டுக்கு வழி வினவுவானொருவன் வழி தவறுவதில்லை. உரு திரிந்தது, முதற்பொருள் மறைந்தது, ஊரைச் சுட்டுதலாகிய தொழிலோ சிறிதும் குன்றாது நிற்கின்றது. காரணப்பெயராய்த் தோன்றியது வழக்கு மிகுதியால் இடுகுறி போல் நடைபெறுகின்றது என்று இலக்கணம் வல்லார் இதற்கு அமைதி கூறுவர். ஆகவே, படவேடு என்பாரைப் பிழைபட உரைத்தார் என்று இகழ்வார் இலக்கண வரம்பு அறியாதாரே. சொல்லுக்கு அதிகாரி வழக்கு, வேர்ப்பொருள் அன்று.

இவ்விடத்து முதற்சாரார் எழுந்து, “நன்று கூறினீர், படைவீடு என்பதன் பொருள் அறியாமலே அப்பெயர் தன் தொழிலைச் செய்கின்றதன்றோ? அங்ஙனமே மந்திரத்தின் பொருளும் சடங்கின் கருத்தும் அறியாமலே அவையும் தத்தம் தொழிலைச் செய்யும், கருத்தைத் துருவுதல் வீண்” என்று கடாவுவர். இது போலி ஒப்புமை. என்னை? பெயரின் தொழில் சுட்டுதல். சடங்கின் தொழில் ஆக்குதல். சுட்டுதற்குக் கேட்போர் பலரும் உடன்பட்ட வழக்கொன்றே அமையும். ஆக்குதற்கோ செய்வாரின் கருத்து வேண்டும். ஊரின் பெயர்ப்பொருள் மறைந்தால் ஊர் அழிவதில்லை. கொடையின் கருத்து மறைந்தால் கொடை கொடையாய் இராது விலையாய்விடும். கை நீட்டலும் பொருள் மாறலும் இரண்டிடத்தும் ஒக்குமாயினும் கோயிலுண்டியலில் இடுவானும் கடையில் இடுவானும் ஒரே தொழில் செய்தாராகார்.

இவ்வுண்மையைப் படைவீட்டு இராச்சியத்து மறையோர் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே தெளிந்து கல்லிற் பொறித்தனர். வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்து வழித்துணைநாதர் திருக்கோயிலில் உள்ளது அக்கல்வெட்டு. சகம் 1347 கழிந்த விசுவாவசு ஆண்டுப் பங்குனித் திங்களில், அஃதாவது கி.பி. 1426-இல், தேவராயர் ஆட்சிக்காலத்தில் எழுந்தது. ஹுல்ஷ் என்னும் அறிஞர் 1890-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் முதற்றொகுதியில் இடம்பெற்றது. அதன் கருத்து இது: படைவீட்டு இராச்சியத்திலுள்ள பல கோத்திரத்து, பல சூத்திரத்து, பல சாகைகளைச் சேர்ந்த மறையோர், கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் முதலியோர், ஒருங்கு கூடி உடன்படிக்கை செய்கின்றனர், அன்றுமுதல் தங்களுள் மணங்கள் கன்னிகாதானமாகவே நிகழவேண்டும், பொன் வாங்கிப் பெண்ணைக் கொடுப்பவனும், பொன் கொடுத்து மணம் செய்பவனும் அரச தண்டத்துக்கு உரியராவதோடு மறையோர் குழுவினின்றும் நீக்கப்படுவர்.

இக்கல்வெட்டினுட் கருதத்தக்கன மூன்று. முதலாவது, அந்நாளில் மணச்சடங்கின் உரு கெட்டிலது. எரி வளர்த்தலும் மந்திரம் ஓதுதலும் நீர்வார்த்துக் கொடுத்தலும் இல்லாதிருந்தமையால் அவர்கள் கூடினாரல்லர். உரு முழுமையாக இருக்கவே, இடையிற் பொன் புகுந்து தானத்தை விலையாக்கியது. தானம் என்னும் சொல் வாயில் நிற்க, விற்பனை கையில் நடந்தது. உரு நிற்பின் பொருள் தானே நிற்கும் என்பார்க்கு இதனின் மிக்க மறுப்பு வேறென் வேண்டும்? மநு முதலிய சாத்திரங்கள் பொருள் கொடுத்துப் பெண் கோடலை ஆசுரம் என்று வேறு பிரித்தமையும் இதுபற்றியே.

இரண்டாவது, உடன்பட்டோர் வீட்டுமொழி ஒன்றன்று. அவரவர் குலவழக்கும் ஒன்றன்று. இத்துணை உருவேறுபாட்டினிடையும் கொடை இது, விலை இது என்னும் பொருளில் அவர் வேறுபட்டிலர். உருப் பலவாகலாம், பொருள் ஒன்றாகலாம் என்பது இதனாற் பெறப்பட்டது. மாறாக, உரு ஒன்றாயிருக்கப் பொருள் வேறாதலும் உண்டு. அசுரம் என்னும் அச்சொல்லுக்கே வடநூலார் பொருள்கொடுத்து மணத்தலை இலக்கணமாகக் கூற, தமிழுரையாளர் ஏறு தழுவி மணத்தல் முதலியவற்றைக் கூறுவர். சொல்லொன்று, கருதிய வழக்கு வேறு.

மூன்றாவது, அவர்கள் பொன்னை வாங்கினவனோடு பொன்னைக் கொடுத்தவனையும் ஒப்ப ஒறுத்தனர். விலை என்பது இருவர் கூடிச் செய்யும் தொழிலாகலின், ஒருவனை மட்டும் ஒறுப்பின் அத்தொழில் நில்லாது என்று கண்டனர்.

இனி, இக்காலத்து நிகழ்ச்சியை நோக்குக. பொன் செல்லும் திசை மாறிற்று. அன்று மணமகன் வீட்டினின்று மணமகள் தந்தையின் கைக்குச் சென்ற பொன், இன்று மணமகள் தந்தையின் கையினின்று மணமகன் வீட்டுக்குச் செல்கின்றது. திசை மாறினும் விலை விலையே. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டு, கொடுத்தலையும் வாங்கலையும் ஒருங்கே குற்றமாக்கியது. விரிஞ்சிபுரத்துக் கல் விதித்த நெறியே அது. அச்சட்டம் முதற்கண் மணத்துக்கு ஈடாகத் தரும் பொருளையே வரதட்சிணை என வரையறுத்தது. ஈடு என்பதை மெய்ப்பித்தல் அரிதாகலின் பலரும் அச்சொல்லின் இடுக்கில் நழுவினர். ஆதலின் 1984-இல் மணத்தின் தொடர்பாகத் தரும் பொருள் என்று அது திருத்தப்பட்டது. ஒரு சொல்லின் உரு பிசகியதனால் ஒரு சட்டத்தின் தொழிலே தளர்ந்தமைக்கு இது சான்று. உரு வேண்டா என்பாரும் இதனை உள்ளத்திற் கொள்க.

“மனமுவந்து மகட்குச் செய்யும் சீர்வரிசையை விலை என்பது அடாது, அஃது அன்பின் அடையாளம்” என்று கூறுவாரும் உளர். அன்பினாற் செய்வதை யார் தடுப்பர்? அன்போ விலையோ என்று அறிதற்கு வழி எளிது. அப்பொருள் கொடுக்கப்படாதாயின் அம்மணம் நிகழுமோ என்று வினவுக. நிகழுமெனின் அது சீர். நிகழாதெனின் அது விலை. பெயரினால் ஒன்றன் பொருள் துணியப்படாதவழி, அது செய்யும் தொழிலினால் துணியப்படும். பட்டுத் துணியால் மூடிய தட்டில் வைத்து நீட்டினும், தேங்காய் பழத்தோடு சேர்த்து நீட்டினும், பேரம் பேசி முடித்த தொகை பேரம் பேசி முடித்த தொகையே.

“அக்கல்வெட்டு மறையவர் தம்முட் செய்துகொண்டது, சைவர்க்கு அதனால் ஆவதென்?” என்று வினவுவார்க்கு விடை: நெறி எவர் கல்லில் நிற்பினும் நெறியே. அன்றியும் சைவர் இல்லங்களில் நிகழ்வது யாது? பந்தலில் ஓதுவாமூர்த்திகள் திருமுறை விண்ணப்பிக்கின்றனர். அகத்தறையில் நகையின் நிறை சரிபார்க்கப்படுகின்றது. திருநீறு அணிந்த நெற்றிகள் இரண்டு எதிரெதிர் இருந்து தொகையை ஏற்றி இறக்குகின்றன. திருமுறை ஓதப்பெற்றமையால் அது சைவத் திருமணம் ஆயிற்று என்று பெயரிட்டுக் கொள்ளுதல், படையின்றி நிற்கும் ஊரைப் படைவீடு என்பதனோடு ஒக்கும். ஊர்க்குப் பெயராதலின் அது குற்றமன்று. வாழ்வுக்குப் பெயராதலின் இது குற்றம்.

திருத்தொண்டர் புராணத்து மானக்கஞ்சாற நாயனார் வரலாறு சைவர் அறியாததன்று. அருமை மகளின் மணநாளில் மாவிரதியார் கோலத்தில் எழுந்தருளிய பெருமான், அம்மகளின் கூந்தல் பஞ்சவடிக்கு ஆகும் என்றார். நாயனார் அப்பொழுதே அதனை அரிந்து கொடுத்தார். மணமகனாக வந்த ஏயர்கோன் கலிக்காமர், கூந்தல் இழந்த பெண்ணைக் கண்டு பேரம் பேசினாரல்லர். அத்திருவருட்செயலை நேரிற் காணப்பெறாமைக்கே வருந்தினார். ஒருவர் கொடுத்தார், ஒருவர் எதிர்பாராது ஏற்றார். சைவத் திருமணத்தின் இலக்கணம் இவ்விருவர் பால் நிற்கின்றது. இப்புராணத்தைக் குருபூசையன்று படித்துவிட்டு மறுநாள் மகனுக்கு விலை பேசுவார், படித்தது எழுத்தையோ பொருளையோ என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக.

இனி, இவ்வளவும் கேட்ட இரண்டாஞ்சாரார், “ஆதலினாலன்றோ சடங்கையே ஒழிக்கவேண்டும் என்கின்றோம்” என மகிழ்வர். அவர் மகிழ்ச்சியும் நில்லாது. படைவீட்டு மறையோர் மணச்சடங்கை ஒழித்தாரல்லர். இடையிற் புகுந்த பொன்னையே ஒழித்தனர். அழுக்கேறியது ஆடையாயின் அழுக்கை நீக்குவதன்றி ஆடையை எரிப்பது அறிவன்று. அன்றியும், சடங்கின்றிப் பதிவேட்டிற் கையொப்பமிட்டு நிகழும் மணத்திலும் பொன் புகாதென்பதற்கு உறுதி யாது? பதிவும் ஓர் உருவே. உருவை ஒழிப்பார் உருவின்மையை அடைதலில்லை; ஆழ்ந்த பொருள் பொதிந்த உருவை விட்டுப் பொருள் மெலிந்த உருவொன்றனைப் பற்றுகின்றனர்; அவ்வளவே.

உருவே பொருளைத் தாங்கித் தொழிற்படுத்துவது என்பதைச் சைவ நூல்கள் நன்கு விளக்கும். கூத்தப்பெருமானின் திருமேனியில் துடி படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், எரி அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் உணர்த்தும் என்று திருவதிகை மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்துட் காட்டினர். ஐந்தொழிலும் ஓருருவில் அமைந்தமையால், எழுத்தறியாதவனும் அதனைக் கண்டு உருகுகின்றான். ஆலமர் கடவுளின் சின்முத்திரையும் அத்தகையதே. சுட்டுவிரல் உயிராய், பெருவிரல் இறையாய், ஏனை மூன்று விரலும் மும்மலமாய், மலம் நீங்கிய உயிர் இறையடி சேர்தலை ஒரு கை உணர்த்தி நிற்கின்றது. படவேட்டு யோகராமர் திருமேனியும் வில்லேந்தாது உபதேசிக்கும் முத்திரையோடு வீற்றிருப்பது. வில் நீங்கி விரல் வளைந்த அளவிலே, போர்புரியும் வீரர் மெய்ப்பொருள் உரைக்கும் ஆசிரியராகின்றார். உருவில் நிகழும் சிறுமாற்றம் பொருளையும் தொழிலையும் முற்றும் மாற்றுமாயின், உரு பொருட்டன்று என்பது எங்ஙனம் கூடும்?

ஆகவே உரு, பொருள், தொழில் மூன்றும் ஒன்றெனவும் கூறவொண்ணா. தனித்தனி பிரிந்து நிற்பன எனவும் கூறவொண்ணா. இறைக்கும் உயிர்க்கும் உள்ள தொடர்பினை ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என மூவகையாற் சித்தாந்தம் விளக்கும். அம்முறை ஈண்டும் உவமையளவில் வைத்து உணரத்தக்கது. கலந்து நிற்றலால் உருவும் பொருளும் ஒன்று. படைவீட்டிற்போல ஒன்று திரியவும் மற்றொன்று மறையவும் கூடுதலின் அவை தம்மியல்பால் வேறு. தொழிற்படுங்கால் இரண்டும் ஒருங்கு வேண்டப்படுதலின் அவை உடன். சம்புவராயர் வழிபட்ட அவ்வூரில் அம்மையப்பேசுவரர் திருக்கோயில் உண்டு. அம்மையப்பரைச் சொல்லும் பொருளும்போற் பிரியாதவராக வைத்து வணங்கியே காளிதாசரும் இரகுவமிசத்தைத் தொடங்கினார். அத்திருமுன் நிற்பார், சொல்லை வைத்துக்கொண்டு பொருளைத் துரத்துதலும், பொருளைப் புகழ்ந்து சொல்லை இகழ்தலும் ஒரே பிழையின் இருபுறங்கள் என்று அறிவர்.

ஊரின் பெயர் படவேடு என்று வழங்குவதாயின் வழங்குக. அதனைத் திருத்துதற்கு அறிஞர் உழைப்பு வேண்டா. திருத்தவேண்டுவது வேறு. தானம் என்ற பெயரால் நிகழும் விலையும், சைவம் என்ற பெயரால் நிகழும் வாணிகமும் திருத்தப்படுக. அரச தண்டம் அஞ்சி அன்று, சிவதண்டம் அஞ்சி. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் நான்மொழி பேசுவோர் ஒருங்கு கூடிக் கல்லிற் பொறித்ததனை, ஒருமொழி பேசும் சைவர் தம் நெஞ்சிற் பொறித்தல் அரிதாகுமோ? மணவோலை எழுதுமுன் ஒவ்வொரு சைவ இல்லத்துத் தலைவரும் இதனை ஓர்ந்து துணிவாராக.

திருச்சிற்றம்பலம்