"அந்த நாள்" படத்தை இந்த நாளில் பார்ப்பது எப்படி?

பாட்டு கிடையாது. நடனம் கிடையாது. சண்டைக் காட்சியும் கிடையாது. 1954-ல் ஏவி.எம். தயாரித்த "அந்த நாள்" படம் அப்படித் துணிந்து எடுக்கப்பட்டது. இயக்கியவர் வீணை எஸ்.பாலசந்தர். சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்தார்கள். ஜாவர் சீதாராமன் வசனம் எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் வந்தார்.

ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943-ம் ஆண்டில் கதை நடக்கிறது. ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். சுட்டது யார்? ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். (விடையை இங்கே சொன்னால், இனிமேல் பார்க்கப் போகிறவர்கள் சும்மா விடமாட்டார்கள்!)

பாட்டுப் படம் என்றால் பிரிண்ட் தேய்ந்திருந்தாலும் பாட்டு காப்பாற்றிவிடும். இந்தப் படத்துக்கு அந்தத் துணை இல்லை. நிழலும் குரலும்தான் அதன் உயிர். அந்த இரண்டையும் வீடியோ கெடுத்துவிட்டது.

காளிகாட், லேக் மார்க்கெட் பகுதித் தமிழர்களுக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்க்க வீடியோவை விட்டால் வேறு வழி இருந்ததில்லை. முதலில் கேசட், பிறகு வி.சி.டி., அதன் பிறகு டி.வி.டி. பழைய தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் தியேட்டர்களில் ஓடித் தேய்ந்த பிரிண்டிலிருந்தே இவற்றுக்கு மாற்றப்பட்டன. கறுப்பு சாம்பலாகி, முகம் வெளுத்துப் போய், திரை முழுவதும் மழை பெய்வது போல் கோடுகள் விழும். இரைச்சலை வடிகட்டப் போனால் 'ச', 'ஸ' ஒலிகளும் கூடவே போய்விடும். வசனத்தில் துப்பு இருக்கும் படத்துக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம்!

வி.சி.டி. படத்தில் மொத்தம் சுமார் 1 லட்சம் புள்ளிகள்தான். இன்றைய சாதாரண எச்.டி. டெலிவிஷனில் 20 லட்சத்துக்கு மேல். சின்னப் பெட்டியில் மறைந்து கிடந்த குறை எல்லாம் பெரிய திரையில் பல்லிளிக்கிறது.

சுருதி மாறியது

இன்னொரு கோளாறும் உண்டு. சினிமா நொடிக்கு 24 கட்டம் ஓடும். நம் நாட்டு டெலிவிஷன் முறைக்கு மாற்றும்போது 25 ஆக்குவது வழக்கம். வேகம் 4 சதவீதம் கூடும். கவனிக்காமல் விட்டால் குரலின் சுருதியும் ஏறும். சிவாஜியின் கனத்த குரல் மெலிந்து கேட்கும். வீணை வித்வானின் படத்துக்கா இந்தக் கதி?

"பழைய படம் என்றால் கோடு விழத்தான் செய்யும், அதுவும் ஓர் அழகுதான்" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். இதை ஏற்க முடியாது. கோடுகள் படம் எடுத்தவர் போட்டவை அல்ல.

காளிகாட் காட்டும் வழி

சத்யஜித் ரேயின் "பதேர் பாஞ்சாலி" 1955 ஆகஸ்டில் காளிகாட் வசுஸ்ரீ தியேட்டரில் வெளியானது. அதன் நெகடிவ் 1993-ல் லண்டன் லேபரட்டரி ஒன்றில் ஏற்பட்ட தீயில் கருகியது. எரிந்த சுருள்களைத் தூக்கி எறியவில்லை. இத்தாலியில் பொலோனியா நகர நிபுணர்கள் அவற்றை நனைத்து, பிரித்து, துடைத்து எடுத்தார்கள். 40 சதவீதம் பயன்பட்டது. மீதிக்கு வேறு நல்ல பிரதிகளைத் தேடிப் பிடித்தார்கள். 2015-ல் புதுப் பொலிவுடன் படம் திரும்பி வந்தது. இன்று வங்காளிகள் வீட்டிலேயே அதைத் தெளிவாகப் பார்க்கிறார்கள்.

தீயில் வெந்த படத்துக்கே இது முடிந்தது. "அந்த நாள்" படத்தின் நெகடிவை, அது இல்லாவிட்டால் இருப்பதில் சிறந்த பிரிண்டைத் தேடி எடுத்து, 4கே முறையில் பதிவு செய்ய வேண்டும். ஒலியைத் தனியே சீர் செய்ய வேண்டும். உரிமை வைத்திருப்பவர்களும், 1964-ல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும், தமிழக அரசும் சேர்ந்தால் செலவு ஒரு பொருட்டல்ல. பாலசந்தர் நூற்றாண்டு 2027 ஜனவரியில். சிவாஜி நூற்றாண்டு 2028 அக்டோபரில். சிலைக்கும் மாலைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.