ஐந்து வருடத்தில் பத்து மாதம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். இங்கே பல வீடுகளின் ஆண்கள் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். கல்யாணம், ஒன்றிரண்டு மாத விடுப்பு, பிறகு விமானம். கணவர் போய் இறங்கிய சில நாளிலேயே, இங்கே மனைவியைப் பார்க்கிறவர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: "என்னம்மா, ஏதாச்சும் விசேஷம் உண்டா?"

அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் இரண்டாவது விடுப்புக்குப் பிறகு அந்தக் கேள்வி சற்றுக் கூர்மையாகிறது. ஐந்தாவது வருடம் கேள்விகூட நின்றுபோய், பார்வை மட்டும் மிஞ்சுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு இரண்டு மாத விடுப்பு என்றால், கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவர்கள் சேர்ந்திருந்தது பத்தே மாதம். தடுப்பு எதுவும் இல்லாமல் 12 மாதங்களோ அதற்கு மேலோ தாம்பத்தியம் நடத்தியும் கரு தங்காதபோதுதான் உலக சுகாதார நிறுவனம் அதைக் குழந்தையின்மை என்கிறது. ஊர் ஐந்து வருடத்தை எண்ணுகிறது. அவள் உடம்புக்குக் கிடைத்ததோ அந்தப் பத்து மாதம். இதைச் சொல்லிச் சோதனையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. பெண்ணுக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, பக்கம்தான். போகும்போது இருவரும் போக வேண்டும். குறை ஆணிடமும் இருக்கலாம். விந்துப் பரிசோதனை எளிது, வலி கிடையாது. அவர் விடுப்பில் இருக்கும்போதே அதை முடித்துவிடாமல், அவளை மட்டும் வருடக்கணக்கில் ஊசிக்கும் மாத்திரைக்கும் அலையவிடுவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. அவள் தனியாள் இல்லை.

பள்ளிவாசல் பாங்கோசை கேட்டு எழும் ஊர் இது. நபிகள் நாயகத்தின் மனைவி ஆயிஷா நாயகி இங்கே எல்லோருக்கும் தெரிந்த பெயர். அவருக்குப் பிள்ளை இல்லை. தோழியரெல்லாம் பிள்ளை பெயரைச் சேர்த்து அழைக்கப்படுகிறார்களே என்று அவர் கேட்டபோது, அக்கா அஸ்மாவின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் ‘உம்மு அப்துல்லாஹ்’, அப்துல்லாஹ்வின் தாய், என்று வைத்துக்கொள்ளும்படி நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. ஆயிஷா நாயகி வழியாக வந்த நபிமொழிகள் இரண்டாயிரத்துக்கும் மேல். பிள்ளை பெறாத அந்த அம்மையாரை எவரும் குறைந்தவராக எண்ணியதில்லை. நம் தெருவில் இருக்கும் பெண்ணை மட்டும் ஏன் எண்ணுகிறோம்?

அந்தப் பெண்ணுக்கு அக்கா பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது சில நாள் இதமாக இருக்கும். சில நாள் நெஞ்சை அறுக்கும். அப்படியொரு நாளில் பெயர் வைக்கும் விருந்துக்கு அவள் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பொறாமை என்று பேசாதீர்கள்.

கோட்டக்குப்பத்தில் இரவு பத்து மணி என்றால் துபாயில் எட்டரை. வேலை முடித்து அறைக்கு வந்தவர் வீடியோவில் கூப்பிடுகிறார். மாத்திரை, தேதி, ரிப்போர்ட் எல்லாம் பேசித்தான் ஆக வேண்டும். அவை கொஞ்சம் காத்திருக்கட்டும். மீன்காரம்மா இன்றைக்குக் கொண்டுவந்த சங்கராவை, புளி கொஞ்சம் தூக்கலாகிப்போன குழம்பை, சாயங்காலம் கடலோரத்தில் அவள் கண்டதையெல்லாம் முதலில் சொல்லட்டும். அவர் வாய்விட்டுச் சிரிக்கட்டும்.