கயிறு யார் கையில்? குற்றம் யார் தலையில்?

லாரியிலிருந்து இயந்திரம் சரிந்து ஆள் சாகிறான். மறுநாள் பத்திரிகையில் என்ன செய்தி வருகிறது? "டிரைவரின் கவனக்குறைவு." இரண்டே வார்த்தை! குற்றவாளி அகப்பட்டுவிட்டான். முதலாளி இன்ஷூரன்ஸ் பாரத்தில் கையெழுத்துப் போடப் போய்விடுகிறார்.

அந்த இயந்திரத்தை எதைக் கொண்டு கட்டியிருந்தார்கள்? சங்கிலி வாங்கிக் கொடுக்க வேண்டியவர் யார்? கட்டுவதற்கு எத்தனை நிமிஷம் அவகாசம் தந்தார்கள்? இந்தக் கேள்விகளை எவரும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணறு போட இந்தியா முழுவதும் போகிற வண்டிகள் அவை. ரிக்குக்குத் துணையாக இன்னொரு லாரி போகும். இருபதடி ராடுகள், கேசிங் குழாய்கள், ஹாமர், பிட், வெல்டிங் மெஷின், டீசல் பீப்பாய், சமையல் பாத்திரம் எல்லாம் அதில்தான். அந்த இரும்புக் குவியலின் மேலேயே தொழிலாளர்கள் படுத்துத் தூங்கிக்கொண்டு போவதைப் பார்க்காதவர் யார்? சத்தீஸ்கரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலிக்கு வந்த பிள்ளைகள்! பிரேக் அடித்தால் ராடு முன்னே பாயும். பள்ளத்தில் இறங்கினால் குழாய் உருளும். இடையில் சிக்குவது யாருடைய கால்?

"தானாக அசையாது" என்கிற புளுகு

"5 டன் கம்ப்ரஸர், தன் கனத்திலேயே உட்கார்ந்திருக்கும், கட்டு எதற்கு?" என்பார் சில உரிமையாளர். மகா புத்திசாலித்தனம்! பிரேக் வண்டியைத்தான் பிடிக்கும்; மேலே இருக்கும் சாமானைப் பிடிக்காது. வண்டி நின்றாலும் சாமான் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கனம் கூடக் கூட அது பாய்கிற வலுதான் பயங்கரம்.

முதலாளிகளின் சொர்க்கமான அமெரிக்காவிலேயே சட்டம் என்ன சொல்கிறது? திடீர் பிரேக்கில் சாமானின் கனத்தில் 80 சதவிகிதத்துக்குச் சமமான விசை முன்பக்கம் இழுத்தாலும் கட்டு தாங்க வேண்டும். பக்கவாட்டில் 50 சதவிகிதம். அதாவது 5 டன் கம்ப்ரஸர் என்றால் முன்னால் 4 டன் இழுவை, வளைவில் இரண்டரை டன் இழுவை. சக்கரத்தில் ஓடும் இயந்திரம் சுமார் நாலரை டன்னைத் தாண்டினால் குறைந்தது 4 கட்டுகள். புறப்பட்ட 50 மைலுக்குள் வண்டியை நிறுத்தி, கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

நம் ஊரில்? வெயிலில் இற்றுப்போன நைலான் கயிறு! அதுவும் இரும்பு விளிம்பில் உராய்ந்து உராய்ந்து பாதி அறுந்த கயிறு!

சட்டம் யாரைச் சொல்கிறது?

பின்பக்கம் 1 மீட்டர் வரை சாமான் நீட்டிக்கொண்டிருக்கலாம் என்ற பழைய சலுகையை மத்திய சர்க்கார் 2014-ல் ரத்து செய்துவிட்டது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு, லாரியின் உடலுக்கு வெளியே சாமான் நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது. அதிக பாரத்துக்கும் 20,000. கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000.

யாருக்கு அபராதம்? கண்ணைத் திறந்து படியுங்கள்: ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவருக்கும், ஓட்ட அனுமதிக்கிறவருக்கும்! சட்டத்தில் இருக்கிற இந்த வாசகம் செக்போஸ்டில் மட்டும் எங்கே மறைந்துவிடுகிறது? அங்கே கை நீட்டிக் கீழே இறக்கப்படுகிறவன் டிரைவர் ஒருவன்தான். ஆள் செத்துவிட்டாலோ, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் 5 வருஷம் வரை சிறை. முன்பு இது 2 வருஷம். சிறைக்குப் போகிறவன் கயிறு கட்டியவன். அறுந்த கயிற்றைக் கொடுத்தவனல்ல!

"டிரைவருக்குப் பொறுப்பே இல்லையா?" என்று கேட்பார்கள். உண்டு. கட்டைச் சோதிக்காமல் வண்டியை எடுப்பது தவறு. தன் உயிரோடும் வழிப்போக்கன் உயிரோடும் விளையாடுவது. ஆனால் சங்கிலி கேட்டால் "வேறு வண்டி பார்த்துக்கொள்" என்றும், நின்று பார்த்தால் "லேட்" என்று படியில் பிடித்தமும் விதிக்கிறவன், அந்தத் தவறில் பங்காளி இல்லையா?

எனவே நாம் கேட்பது இதுதான்:

சங்கிலி, இறுக்கி, பெல்ட், மரக்கட்டை, ஆப்பு எல்லாம் உரிமையாளர் செலவில் வண்டியிலேயே இருக்க வேண்டும். சில்லறைச் சாமானுக்குப் பூட்டுப் போட்ட பெட்டியும், ராடுகளுக்குத் தடுப்புச் சட்டமும் வேண்டும்.

கட்டும் நேரமும், வழியில் நிறுத்திச் சோதிக்கும் நேரமும் வேலை நேரமே. 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 2025-ல் ரத்தாகும் வரை, சொல்லிவந்த 8 மணி நேரத்தில் அதைச் சேர்க்க வேண்டும்.

சாமானின் மேல் ஆளை ஏற்றக் கூடாது. ஆட்களுக்குத் தனி வண்டி வேண்டும்.

கட்டில்லாத வண்டியை எடுக்க மறுக்கும் டிரைவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. வழக்கு என்று வந்தால், அனுப்பியவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

டிரைவர் தோழர்களே! கிளீனர், லோடுமேன் சகோதரர்களே! ஒருவன் மறுத்தால் அவன் வேலை போகும். ஷெட்டில் உள்ள அத்தனை பேரும் மறுத்தால், மறுநாள் காலையில் சங்கிலி வந்து சேரும்!